நெத்து உதிர்க்காத வேலி

கிராமத்துக் கால்நடை மருந்தகங்களில் புதிதாகப் பணியேற்கப் போகும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பணியில் இருந்த காலத்தில் என்னை யாரும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. எண்ணுகிறவர் என்று சொல்வார்கள். ஊசிகளை எண்ணுவேன், பஞ்சுச் சுருளை எண்ணுவேன், பீரோவைப் பூட்டிய பிறகு மறுபடி திறந்து எண்ணுவேன். என் உதவியாளர் செல்வம், "சார், ராத்திரியில ஊசி குட்டி போட்டுருமோன்னு பாக்கீகளா?" என்று கேட்பார். குட்டி போடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் குறையும். குறைந்தது தெரியாமல் ஒருவர் தொழுவத்தில் போய் நிற்பதைப் போன்ற அவமானம் நம் தொழிலில் வேறில்லை.

வருடத்தில் சித்திரை மாதம்தான் எனக்குத் தூக்கம் குறையும். வெயிலுக்காக அல்ல, மழைக்காக. விருதுநகர்ப் பக்கம் மழைக்குப் பயப்படுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று மேலதிகாரி ஒருவர் சிரித்தார். அவர் சிரிக்கட்டும். நீங்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சோளம் அறுத்த காட்டில் தட்டையின் அடிக்கட்டை நிற்கும். கோடையில் ஒரு மழை பெய்தால் போதும், அந்தக் கட்டையிலிருந்து ஒரு வாரத்துக்குள் இளந்துளிர் வந்துவிடும். சுற்றிலும் புல் பூண்டு இல்லாத காலத்தில் அந்த ஒரு காடு மட்டும் பச்சையாக நிற்கும். அந்தத் துளிரில்தான் நஞ்சு. வயிறு நிறையத் தின்ன வேண்டியதில்லை, சில வாய் போதும், மூச்சு முட்டி விழுந்துவிடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஊரிலும் வருடா வருடம் நடக்கிறது.

இதற்கு மாற்று மருந்து ஹைப்போ உப்பு. ஒரு காலத்தில் சிவகாசி அச்சகங்கள் பிலிம் கழுவுவதற்கு அதை மூட்டை மூட்டையாக வாங்கின. கம்ப்யூட்டர் வந்து பிலிம் போன பிறகு, ஒரு கம்பெனியின் பூட்டிக் கிடந்த கேமரா ரூமில் மிச்சமிருந்ததை போர்மேன் எனக்கு அள்ளிக் கொடுத்தார். "என்ன டாக்டர் சார், ஆட்டுக்கெல்லாம் போட்டோ ஸ்டூடியோ வைக்கப் போறீகளா?" என்று கேட்டார். நான் அதை நிறுத்துப் பொட்டலம் கட்டி ஸ்கூட்டர் பெட்டியில் வைத்திருப்பேன். ஓர் ஆட்டுக்கு ஒரு பொட்டலம், மாட்டுக்கு எட்டு என்பது என் கணக்கு. எப்படிக் கரைப்பது, எந்த வழியாகக் கொடுப்பது என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். புத்தகத்தில் இல்லாத ஒரு காலைப் பொழுதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முந்தைய சித்திரை அது. மல்லாங்கிணறு பக்கத்தில் ஒரு கிராமத்தில் கந்தசாமி, வேலம்மாள் என்று புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். காட்டோரத்திலேயே ஒரு வீடும் களமும், ஒரு கிணற்றுத் தோட்டம், இரண்டு துண்டு மானாவாரிக் காடு, செவலை என்று ஒரு கறவைப் பசு. அவ்வளவுதான் அவர்கள் சொத்து. கோடையில் மற்றவர்கள் காட்டை மறந்துவிட்டுப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, கூலி அங்கேதான் இருக்கிறது. இந்த இருவருக்கு மட்டும் கோடையில்தான் வேலை கூடும். பருத்தி எடுத்து முடிந்த காய்ந்த செடியை, பருத்தி மார் என்போம், பிடுங்கி அடுக்குவார்கள். கண்மாயிலிருந்து கரம்பை மண் அடித்துக் காட்டில் பரப்புவார்கள். மிளகாயைக் களத்தில் காயப்போட்டு, வெயில் ஏற ஏறக் கிளறிவிட்டு, அந்தியில் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். வேலம்மாள் கையில் ஒரு வேலை முடியும்போது அடுத்த வேலை ஏற்கனவே பாதி ஆகியிருக்கும். நான் சினை பார்க்கப் போனால் ஒரு கையால் செவலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புளி உடைப்பார். "ரெண்டு கையாலயும் புடிம்மா" என்பேன். "அது என்ன ஓடவா போவுது சார், உங்களவிட அதுக்குப் பொறுமை சாஸ்தி" என்பார்.

அந்தக் காட்டுக்குக் கோடைதோறும் கிடை வந்து இறங்கும். உங்களில் நகரத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்காரர்கள் செம்மறி மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். இரவில் ஒரு காட்டில் ஆடுகளை அடைத்துப் படுக்கவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். காட்டுக்காரர் வீட்டிலிருந்து கிடைக்காரருக்குச் சாப்பாடு போகும். மானாவாரி மண்ணுக்கு இதைவிட நல்ல உரம் கிடையாது. ஆனால் கிடைக்காரர்களுக்குள் பேச்சு வேகமாகப் பரவும். ஒரு காட்டில் ஆட்டுக்குக் கெடுதல் வந்தது என்று பெயர் விழுந்தால், அந்தக் காட்டில் பிறகு யாரும் கிடை இறக்க மாட்டார்கள்.

அந்த வருடம் வந்தவர் மலைச்சாமி. இருநூறு ஆடுகளுக்கு மேல் இருக்கும். அவருடையது கொஞ்சம், மிச்சம் அவருடைய ஊரில் நான்கு வீட்டாருடையது. பருத்தி எடுத்த மேல் காட்டில் கிடை போட்டிருந்தார். கீழ்க் காடு சோளம் அறுத்த காடு. நடுவில் மழை பெய்துவிட்டது. மழை பெய்த மறுநாளே நான் கந்தசாமிக்குப் போன் செய்தேன். "உழுதுருவேன் சார், டிராக்டர்க்காரன் கரம்பை லோடு அடிக்கப் போயிருக்கான், வந்ததும் முத உழவு நமக்குத்தான்" என்றார். டிராக்டர் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது என்று கண்மாய்க் கரையில் சீமைக்கருவேல முள்ளை வெட்டி இழுத்து வந்து இரண்டு காட்டுக்கும் நடுவே வேலி போட்டுவிட்டார். போனில் கேட்டு எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அவர் வெட்டிய முள்ளில் நெத்து, அதாவது முற்றிய காய், கொத்தாகத் தொங்கியது. சித்திரையில் கருவேல நெத்து பழுத்து மஞ்சளாக இருக்கும். இனிப்பு. செம்மறிக்கு அதைவிட ருசியான பண்டம் கிடையாது. அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் துரட்டியால் உலுக்கி ஆட்டுக்குப் போடுவார்கள். ஆட்டைத் தடுக்கப் போட்ட வேலியில் ஆட்டுக்குத் தீனியைத் தொங்கவிட்டிருக்கிறோம் என்பது அவருக்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்த மலைச்சாமிக்கும் தோன்றவில்லை. வேலி என்று நினைத்துப் பார்த்தவர்களுக்கு அது வேலியாகத்தான் தெரிந்தது.

மழை பெய்து ஒரு வாரத்தில், டிராக்டர் வருவதற்கு முன்பே, ஒரு நாள் காலையில் மலைச்சாமி பட்டியைத் திறந்துவிட்டு வேலம்மாள் கொண்டுவந்த கூழைக் குடிக்க உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போன ஆடுகள் நெத்தைப் பிடித்து இழுத்திருக்கின்றன. முள் சரிந்தது, வழி விழுந்தது. ஓரத்தில் கட்டியிருந்த செவலையும் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு அந்த வழியே உள்ளே போய்விட்டது.

போனில் வேலம்மாள் குரல் நிதானமாக இருந்தது. "சார், கெடை ஆடு சோளத்துக்குள்ள போயிருச்சு. நாலு விழுந்திருச்சு. செவலையும் மேஞ்சிருச்சு. என்ன செய்ய?"

"ஓட விடாதீங்க. மெதுவா வெளிய ஓட்டி நெழல்ல நிறுத்துங்க. வீட்டுல கருப்பட்டி இருந்தா கரைச்சு வைங்க. வந்துட்டேன்."

மருந்தகத்திலிருந்து பக்கம்தான். ஊசி மருந்து கேட்டு எழுதியிருந்தேன், வந்து சேரவில்லை. அந்த வாரமே வேறு இரண்டு ஊரில் இதே சோளத்துக்காக ஹைப்போ செலவாகியிருந்தது. மிச்சம் இருபத்து நான்கு பொட்டலம். முந்தின நாள் எண்ணியிருந்ததால் பெட்டியைத் திறக்காமலே எனக்குத் தெரியும். வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த செல்வத்துக்கும் தெரியும்.

போய்ப் பார்த்தபோது நான்கு ஆடுகள் செத்துக் கிடந்தன. வேப்பமரத்து நிழலில் மற்றவை. எண்ணினேன். இருபத்து இரண்டு ஆடுகள் நடுங்கிக்கொண்டும் வாயில் நுரை தள்ளிக்கொண்டும் கிடந்தன. செவலை சற்றுத் தள்ளி நின்றிருந்தது. மூச்சு வேகமாக இருந்தது, ஆனாலும் நின்றுகொண்டிருந்தது. கம்பெனி வேன் போன பிறகு ஊரில் பிடிக்க ஆள் கிடையாது. அவர்கள் மூன்று பேர், நாங்கள் இரண்டு பேர்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என் நிலையில் உங்களை நிறுத்திப் பார்க்க வேண்டும். செல்வம் என் காதருகே வந்து, "சார், செவலை நிக்கிதுல்ல, இப்பவே குடுத்தாப் பொழைச்சிரும். படுத்துருச்சுன்னா நம்ம கையில இல்ல" என்றார். அவர் சொன்னது சரி. கிடக்கிற ஆடுகளில் எத்தனை தேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் செவலைக்கு எட்டு போனால் ஆறு ஆட்டுக்கு மருந்து இல்லை.

நான் கணக்கை மறைக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பொட்டலம் இருபத்து நாலு. ஆடு இருபத்து ரெண்டு. மாட்டுக்கு எட்டு வேணும். பத்தாது."

இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பது பல வருடங்களாகப் பார்த்தது. ஆளுக்கு ஒரு பக்கம் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். என்னுடையதை முதலில் பார் என்று அழுவார்கள், திட்டுவார்கள். ஒருமுறை என் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்காக அவர்கள் மேல் கோபப்படக் கூடாது. அன்றும் நான் அதற்குத்தான் உடம்பை விறைத்துக்கொண்டு நின்றேன்.

மலைச்சாமி சொன்னார். "மாட்டப் பாருங்க டாக்டரய்யா."

வேலம்மாள் திரும்பினார். "சும்மா இருங்கண்ணே. சார், ஆட்டுக்குக் குடுங்க."

"தாயி, சோறு போட்ட வீட்டு மாடு. அது என் ஆட்டால போச்சுன்னா நான் எந்த ஊர்ல போயி கெடை எறக்குவேன்?"

"உங்க ஆட்டாலயா? வேலி யாரு போட்டது? இவுக போட்ட வேலி. வாங்கன்னு கூப்புட்டு எறக்குனது நாங்க."

"ஆட்டப் பாக்க வேண்டியவன் கூழு குடிச்சுக்கிட்டு இருந்தேம்ல."

"கூழு குடுத்தது நான்ல."

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இழுப்பதை எதிர்த்து நிற்கப் பழகியிருக்கிறேன். தள்ளுவதை எதிர்த்து நிற்கப் பழகவில்லை. கந்தசாமி ஒரு முள் கிளையைக் கையில் பிடித்தபடி நின்றார். "நெத்தோட வெட்டிப் போட்டுட்டேன்" என்றார், யாரிடமும் சொல்லாமல். "நெத்தோட வெட்டிப் போட்டுட்டேன்."

"அத அப்புறமா உக்காந்து அழுவலாம்" என்றார் வேலம்மாள். "இந்த ஆட்டுக்கு வாயப் புடிங்க."

அவர் புருஷனிடம் சொன்ன அந்தச் சொல் என்னையும் அசைத்துவிட்டது. யாருடைய ஆடு, யாருடைய மாடு, யார் போட்ட வேலி என்று பார்த்தால் நேரம் போகும். மூச்சை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். எதன் மூச்சு மோசமோ அதற்கு முதலில். அதில் கையை எடுத்தால் அடுத்த மோசமான மூச்சு. செவலை நிற்கிறவரை அது கடைசி. இது சரியான முடிவா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் ஒரு முடிவு வேண்டியிருந்தது. எடுத்தேன், அதற்குப் பிறகு மாற்றவில்லை.

வேலம்மாள் ஆட்டின் தலையைத் தூக்கிப் பிடிப்பார், நான் கொடுப்பேன், செல்வம் அடுத்ததைக் கரைப்பார். செவலை அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. தான் பார்த்தால் நானும் பார்ப்பேன், என் கை நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவருக்காக மலைச்சாமிதான் பார்த்தார். தன் ஆடு ஒவ்வொன்றையும் இழுத்து வந்து கிடத்தும்போது நிமிர்ந்து பார்த்து, "நிக்கிது தாயி" என்பார். அடுத்ததை இழுத்து வருவார். "நிக்கிது." நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சில ஆடுகள் அடங்கிவிட்டன. அவற்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனோம். "நிக்கிது தாயி, நிக்கிது."

பிறகு ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கிடத்தினார். ஒன்றும் சொல்லவில்லை.

வேலம்மாள் கை ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான். ஆட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து, "குடுங்க சார்" என்றார்.

கடைசி ஆடு முடிந்தபோது எண்ணினேன். பதினேழு ஆட்டுக்குக் கொடுத்திருந்தோம். ஐந்து எங்கள் கைக்கு முன்னால் போய்விட்டன. பொட்டலம் மிச்சம் ஏழு. எட்டு வேண்டும். அப்போதுதான் அவர் எழுந்து திரும்பினார். செவலை முன்னங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கண் செருகியிருந்தது. ஏழையும் கொடுத்தேன். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, பொட்டலத் தாளில் ஒட்டியதையும் கழுவி ஊற்றினேன். கருப்பட்டித் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். இனிக் கையில் ஒன்றுமில்லை.

இந்தத் தொழிலில் மிகவும் கஷ்டமான வேலை, கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதுதான். நான் செவலையின் மூச்சை எண்ணிக்கொண்டு குந்தியிருந்தேன். செல்வம் காலி டப்பாக்களைக் கழுவினார், கழுவியதையே மறுபடி கழுவினார். வெயில் ஏறிவிட்டது.

களத்துப் பக்கம் சலசலவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மலைச்சாமி, மிளகாய்க் குவியலின் மேலிருந்த தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு, மிளகாயைக் கையால் பரத்திக்கொண்டிருந்தார். ஒன்பது ஆட்டைப் பறிகொடுத்தவர். ஈரத்தில் மூடியே கிடந்தால் மிளகாய் பூஞ்சை பூத்துப்போகும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்று காலை அந்த வீட்டில் யாருக்கும் அது நினைவிலும் இல்லை. களத்தின் ஒரு மூலையில் தொடங்கி ஒரே கனமாக, நிதானமாகப் பரத்திக்கொண்டு வந்தார்.

வேலம்மாள் அதைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். கிடைக்காரருக்கு மதியச் சாப்பாடு அந்த வீட்டுப் பொறுப்பு. கந்தசாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி தோண்டப் போனார். செத்த ஆட்டை விலைக்குக் கேட்டு ஊரிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மலைச்சாமி களத்திலிருந்தே, "வெசம் தின்ன ஆடு. ஊரு சனத்துக்கு அதையா குடுக்கச் சொல்ற? போயிரு" என்றார். அந்த ஆள் போய்விட்டார். அதை நான் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் வாதாடியிருப்பார்.

வேலம்மாள் சோற்றுச் சட்டியோடு வெளியே வந்தபோது கருப்பட்டி கரைத்த அண்டா உருளும் சத்தம் கேட்டது. செவலை படுத்தபடியே கழுத்தை நீட்டி அண்டாவின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை, நம்பவில்லை. செவலை இரண்டு தடவை எழ முயன்று சாய்ந்தது. மூன்றாவது தடவை பின்னங்காலை ஊன்றி எழுந்து, கால் நடுங்க நின்றது.

"நிக்கிது தாயி" என்றார் மலைச்சாமி.

வேலம்மாள் சோற்றுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "கைய கழுவிட்டு வாங்க எல்லாரும், ஆறிப்போவும்" என்றார்.

மருந்து கொடுத்த ஆடுகளில் ஒன்று சாயங்காலம் தங்கவில்லை. ஆக, பத்து. ஆட்டுக்குரிய நான்கு வீட்டாரும் தகவல் கேட்டு ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். கோபத்தோடுதான் வந்தார்கள். நான் சாட்சிக்கு நின்றேன். ஆனால் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வழியும் இல்லை. கந்தசாமி, "தப்பு என் வேலியில" என்றார். மலைச்சாமி, "தப்பு என் கண்ணுல" என்றார். இருவரும் மாறி மாறி அதையே சொன்னார்கள். வந்தவர்களில் மூத்தவர் கொஞ்ச நேரம் கேட்டார். "ஏப்பா, சண்டை போடத்தான் இம்புட்டுத் தூரம் வந்தோம். எங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்கப்பா" என்றார். சிரித்தது யார் என்று தெரியவில்லை, யாரோ சிரித்தார்கள். பிறகு மந்தையைச் சுற்றி வந்து பார்த்தார்கள், செவலையைப் பார்த்தார்கள், கந்தசாமி தோண்டிய குழியைப் பார்த்தார்கள். "கெடையக் கெளப்பிருவோமா?" என்று ஒருவர் கேட்டதற்கு மூத்தவர், "எதுக்கு? இங்கனயே கெடக்கட்டும்" என்றார். டிராக்டர் மறுநாள் வந்தது. முதலில் பேசிவைத்திருந்த நாட்கள் முழுக்கக் கிடை அந்தக் காட்டிலேயே கிடந்தது.

இதை எழுதும்போது உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கிறேன். முதல் கோடை மழைக்கு முன்னால் பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். பத்தாது என்றால் பத்தாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். ஜனங்கள் சண்டை போடுவார்கள் என்று பயந்து கணக்கை மறைக்காதீர்கள். பெரும்பாலும் போடத்தான் செய்வார்கள். எப்போதாவது ஒருமுறை வேறு மாதிரி நடக்கும். மறைத்திருந்தால் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்காமல் போயிருப்பேன்.

அடுத்த சித்திரையில் அந்த வழியாகப் போனேன். மழை இன்னும் பெய்யவில்லை, இருந்தாலும் கீழ்க் காட்டை உழுதுவிட்டார்களா என்று பார்க்காமல் போக மனம் வரவில்லை. உழுதிருந்தது. மேல் காட்டைச் சுற்றி வேலிக்கு முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். கந்தசாமியும் மலைச்சாமியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கிளையாக எடுத்துக் குச்சியால் தட்டி நெத்தை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நெத்து மிச்சமில்லாமல் உதிர்த்த பிறகே கிளை வேலிக்குப் போனது. வேலம்மாள் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டினார். ஆட்டுக்குத்தான். அடுக்கி வைத்திருந்த சாக்குகளை நான் பார்த்தபடி நின்றேன்.

"எண்ணியாச்சா சார்?" என்று கேட்டார் வேலம்மாள்.

"ஏழு" என்றேன்.

"எட்டு" என்றார். "ஒண்ண செவலைக்குன்னு உள்ள எடுத்து வச்சிருக்கேன்."